லேசர் பாய்மரப் படகு: கழுவுவதும் பராமரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைத் துறைமுகத்தில் பாய் விரித்துப் பழகுபவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் லேசர் படகில் ஏறியிருப்பார்கள். 2019 முதல் இதன் அதிகாரபூர்வப் பெயர் ஐஎல்சிஏ. டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்திய வீரர்கள் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்தப் படகைத்தான். ஒருவர் ஓட்டும் படகு, நீளம் 4.2 மீட்டர், உடல் மட்டும் சுமார் 59 கிலோ. எளிய படகு என்பதால் பராமரிப்பே வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இங்கே உள்ள பதில்கள் வெப்பமான, உப்புக் காற்று அடிக்கும் நம் கடற்கரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆப்டிமிஸ்ட், 420 போன்ற மற்ற ஃபைபர் படகுகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கரைக்கு வந்ததும் முதலில் எதைச் செய்வது?

உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும் உப்பு தண்ணீரிலேயே கரைந்து ஓடிவிடும். காய்ந்து படிகமாகிவிட்டால் கயிற்று இழைகளுக்கு நடுவிலும் கப்பியின் குண்டுகளுக்கு இடையிலும் புகுந்து அரைக்கத் தொடங்கும். காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கழுவாத பாய் எத்தனை நாள் காய்ந்தாலும் கையில் பிசுபிசுக்கிறது.

ஹோஸ் இல்லாவிட்டால் 20 லிட்டர் வாளி இரண்டும் ஒரு ஸ்பாஞ்சும் போதும். மேலிருந்து கீழாக வாருங்கள். முதலில் கப்பிகள், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட்டுகள், பாய்மரம் நிற்கும் மாஸ்ட் ஸ்டெப் குழி. பிறகு கால் வைக்கும் பள்ளமான காக்பிட், படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பலகையான டேகர்போர்டு இறங்கும் பொந்து, பின்பக்கம் சுக்கான் மாட்டும் கொக்கிகள். கடைசியாக அடிப்பகுதி. பாய்மரத்தின் இரண்டு துண்டுகளையும் பிரித்து, இணையும் இடத்தைத் துடையுங்கள். பிரிக்காமல் இரண்டு மூன்று வாரம் விட்டால் உள்ளே மணலும் உப்பும் இறுகி, இரண்டு பேர் சேர்ந்து முறுக்கினாலும் கழலாது.

கழுவி முடித்ததும் பின்பக்க பிளக்கைத் திறந்து, அணியத்தை (முன்முனையை) தூக்கிப் படகைச் சாய்த்துப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தினமும் கவனியுங்கள். படகு ஒழுக ஆரம்பித்தால் முதலில் தெரிவது இங்கேதான்.

எங்கள் இடத்தில் போர் தண்ணீர்தான் வருகிறது. அதில் கழுவினால் பயன் உண்டா?

உண்டு. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. கடற்கரை ஓரத்துப் போர் தண்ணீர் கரித்தாலும் பெரும்பாலும் அதில் சிறு பங்குதான் இருக்கும். அதனால் முதல் கழுவலுக்குத் தயங்காமல் அதையே ஊற்றலாம். ஆனால் அதுவே படகின் உடம்பில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும், கப்பியில் சுண்ணாம்பு படியும். கடைசி அரை வாளி மட்டும் மெட்ரோ தண்ணீராகவோ பிடித்துவைத்த மழைநீராகவோ இருக்கட்டும். வீட்டில் ஆர்.ஓ. சோதிக்கிற டிடிஎஸ் மீட்டர் இருந்தால் ஒருமுறை வைத்துப் பாருங்கள். 500க்குக் கீழ் காட்டினால் அந்தத் தண்ணீரே முழுவதற்கும் போதும்.

என்ன சோப்பு போடலாம்?

தினமும் சோப்பு தேவையில்லை. வாரம் ஒருமுறை, 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், ஒரு மெல்லிய துணி. துணி துவைக்கும் தூளும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டின் பளபளப்பைச் சுரண்டிவிடும். பளபளப்பு போன இடத்தில் அழுக்கு முன்பைவிட வேகமாக ஒட்டும். பிளீச்சும் வேண்டாம்.

துறைமுகத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் படகின் நீர்மட்டக் கோட்டில் கறுப்பாகப் படியும். முதலில் சோப்புத் தண்ணீரில் முயலுங்கள். போகாவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உடனே சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். பாயின் கண்ணாடி ஜன்னல் மீது மண்ணெண்ணெய் படவே கூடாது, அது மங்கிவிடும்.

பழுப்பு, துருக் கறைகளுக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்து, கையுறையோடு தடவி, பத்து நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அலுமினியத்தில் வழிய விடாதீர்கள்.

பாயை எப்படித் துவைப்பது? வாஷிங் மெஷினில் போடலாமா?

கூடாது. பாய்த்துணி டாக்ரான். நெய்த பிறகு அதன் மேல் பிசின் ஏற்றி விறைப்பாக்கியிருக்கிறார்கள். மெஷினில் சுழன்றால் அந்தப் பிசின் நொறுங்கி, பாய் வேட்டி மாதிரி தொங்கிப்போகும். காற்றில் வடிவம் நிற்காது.

சுத்தமான புல்தரையிலோ தார்ப்பாய் மீதோ விரித்து நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். அழுக்கு இருந்தால் மேலே சொன்ன அதே சோப்புத் தண்ணீரைக் கையால் தடவுங்கள், பிரஷ் வேண்டாம். முனைகளிலும், பாய்மரம் நுழைகிற உறைக்குள்ளும், பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டி) பைகளுக்குள்ளும்தான் உப்பு தங்கும். பேட்டன்களை உருவிவிட்டு அந்த இடங்களில் தண்ணீர் செலுத்துங்கள்.

கொடியில் கட்டிக் காற்றில் படபடக்க விட்டுக் காயவைப்பது பலரிடம் இருக்கும் பழக்கம். பாய்க்கு இதைவிடக் கெடுதல் இல்லை. படபடப்பது பாயை வேகமாகத் தேய்க்கும், குறிப்பாகப் பின் ஓரத்துத் தையலுக்கு. நிழலில் விரித்துப் போடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் அடியோரத்துக்கு இணையாகச் சுருட்டி உறையில் வையுங்கள். மடிக்க வேண்டாம், ஜன்னலில் மடிப்பு விழுந்தால் அதே கோட்டில் விரிசல் விடும்.

சின்னக் கிழிசலுக்குத் தையல்காரரிடம் போக வேண்டுமா?

விரல் நீளத்துக்குள் இருந்தால் தேவையில்லை. ஒட்டும் டாக்ரான் துணியைக் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மூலை உரிந்துகொண்டு வரும். ஒட்டும் இடத்தில் உப்பு இருந்தால் பிடிக்காது. கழுவிக் காயவைத்து, இரண்டு பக்கமும் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். தையல் பிரிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, தைக்கத்தான் வேண்டும். வெயிலில் துணிக்கு முன் நூல்தான் செத்துப்போகும். நகத்தால் ஒரு தையலை நெம்பிப் பாருங்கள், நூல் பொடியாக உதிர்ந்தால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி தைக்கக் கொடுங்கள்.

படகைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலத்த காற்றில் ஓட்டிய நாளில் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் கவலை வேண்டாம். ஒரு லிட்டருக்கு மேல் போனால் தேடத்தான் வேண்டும். உள்ளே சேரும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அது போதாதென்று, பக்கத்துக்குப் பக்கம் ஓடிப் படகைத் தடுமாற வைக்கும். உள்ளே உள்ள நுரையையும் ஊற வைக்கும்.

சோப்பு நுரைச் சோதனை செய்யுங்கள். படகின் உள்காற்று வெளியேற காக்பிட்டின் முன்சுவரில் ஒரு சிறு துளை உண்டு. அதை டேப்பால் மூடுங்கள். பிளக் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றி ஈரத்துணி அடைத்து, வாயால் ஊதுங்கள். உதவிக்கு இன்னொருவர் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வரட்டும். கம்ப்ரஸர் காற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள், மேல்தளமான டெக்கும் உடம்பும் ஒட்டியிருக்கும் விளிம்பு பிளந்துவிடும்.

குமிழி பெரும்பாலும் எழும் இடங்கள் இவை: காக்பிட் தண்ணீரை வெளியேற்றும் பெயிலரைச் சுற்றி, டேகர்போர்டு பொந்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும், சுக்கான் கொக்கியின் திருகுகள், பூமைப் (பாயின் அடியோரத்துக் கட்டை) பிடிக்கும் டிராவலர் கயிறு ஓடும் வளையங்களின் திருகுகள், கால் மாட்டும் பட்டையின் திருகுகள், டெக்–உடம்பு விளிம்பு, மாஸ்ட் ஸ்டெப். கண்ட இடத்திலெல்லாம் பென்சிலால் குறி வையுங்கள். நுரை காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.

திருகு ஒழுகினால் கழற்றி, துளையை நன்றாகக் காயவிட்டு, பாலியூரிதேன் சீலன்ட் வைத்துத் திருப்பி முடுக்குங்கள். குளியலறை சிலிகான் வேண்டாம். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு ரெசின் ஒட்டாது. திருகு வழுக்கிச் சுற்றினால் துளையை எபாக்ஸிப் பசையால் அடைத்து, இறுகிய பின் புதிதாகத் துளையிட வேண்டும்.

மாஸ்ட் ஸ்டெப்பைப் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பாயின் முழு விசையையும் தாங்குவது அந்த ஒரு குழிதான். லேசரில் மரத்தைப் பிடித்து நிறுத்த வேறு கம்பிகள் கிடையாது. குழிக்குள் ஒரு பிடி மணல் விழுந்தால் போதும். மரம் சுழலும்போதெல்லாம் அது உரைத்தாள் மாதிரி அடிப்பகுதியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், கடைசியில் ஓட்டை விழும். கடற்கரை மணலில் மரத்தின் அடியை ஊன்றி வைத்துவிட்டு அப்படியே குழியில் இறக்குவதுதான் இதற்கு முதல் காரணம். இறக்குமுன் மரத்தின் அடியைத் துடையுங்கள், குழிக்குள் ஈர ஸ்பாஞ்சை விட்டுச் சுற்றி எடுங்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டு போடும் வழக்கமும் உண்டு. பந்தயத்துக்குப் போகிறவர்கள் வகுப்பு விதியை (இந்தப் படகு வகைக்கான பந்தய விதி) பார்த்துவிட்டுப் போடவும்.

மாதம் ஒருமுறை இந்தச் சோதனை: படகை மட்டமாக வைத்து, குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பென்சில் குறி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிறகு கீழ்மரத்தை இறக்கி முன்னும் பின்னும் ஆட்டி, எடுத்து மறுபடி பாருங்கள். ஆட்டும்போது மட்டும் இறங்கினால் அடியிலோ டெக்குடன் சேரும் இடத்திலோ பிடிப்பு விட்டிருக்கிறது. அந்தப் படகைப் பலத்த காற்றில் இறக்க வேண்டாம். மரம் டெக்கைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டால் சரிசெய்யும் செலவு பல மடங்கு.

சரிசெய்ய, மரத்துக்கும் டேகர்போர்டுக்கும் இடையே டெக்கில் 5 அங்குல ஆய்வு மூடி ஒன்று பொருத்தி, உள்ளே கைவிட்டு ஃபைபர் துணியும் எபாக்ஸியும் வைக்க வேண்டும். அதற்கு முன் உள்பக்கம் துளி ஈரமும் இல்லாமல் காய வேண்டும். மூடியைத் திறந்து சிறு மின்விசிறியை இரண்டு நாள் ஓட விடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட எபாக்ஸி சில வாரங்களில் அப்பளமாகப் பெயர்ந்து வரும்.

பாய்மரத்தில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஆபத்தா?

ஆரம்ப அறிகுறி. மரம் பெரும்பாலும் அலுமினியம், அதில் பல பொருத்துகள் ஸ்டெயின்லெஸ். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புநீர் நின்றால் மின்கலம் போல வேலை செய்து, அலுமினியம் கரையும். அந்தப் பொடி கரைந்த அலுமினியம். பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, ரிவெட் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் துளைத்து எடுத்து, புது ரிவெட்டை உலோகங்களைப் பிரித்துவைக்கும் பசை தடவி அடியுங்கள்.

மேல்மரம் ஒடிவது பெரும்பாலும் இரண்டு துண்டும் சேரும் இடத்து வளையமான காலரின் ரிவெட் துளையில்தான். மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் நசுங்கும். இழுபடும் பக்கத்தில் துளை இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். ஆகவே மேல்மரத்தைச் செருகும்போது ரிவெட் பின்பக்கம் பார்க்கட்டும். கீழ்மரத்தில் பூம் மாட்டும் கொக்கியின் ரிவெட்டுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தைச் சிமென்ட் தரையில் உருட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் இடைவெளி தெரிந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அடைப்பு விட்டிருக்கிறது. படகு கவிழ்ந்தால் அந்தத் தண்ணீர் மரத்தைக் கீழே இழுக்கும்.

கப்பிக்கு கிரீஸ், தேங்காய் எண்ணெய் போடலாமா?

இரண்டும் வேண்டாம். எண்ணெய்ப் பசையில் மணல் ஒட்டி, கப்பிக்குள்ளேயே அரைக்கும் பசையாகிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சுழற்றி, நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பாலான கப்பிகள் சரியாகிவிடும். அதன் பிறகும் இறுக்கமாக இருந்தால் உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே கொஞ்சம். பாயை இழுக்கும் கயிறான மெயின்ஷீட்டின் ராட்சட் கப்பி சுழலும்போது ‘டிக் டிக்’ என்று கேட்க வேண்டும். சத்தம் நின்றால் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம்.

கயிறு விறைத்துப்போய்விட்டது. மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் ஒரு வாளி வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு இரவு போட்டுப் பாருங்கள். காலையில் தண்ணீரை நாக்கில் தொட்டால் கரிக்கும், அவ்வளவு உப்பு உள்ளே இருந்திருக்கும். இரண்டு தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் இளகிவிடும். மேலுறை கிழிந்து உள்கயிறு தெரிந்தாலோ, கிளீட்டில் பிடிக்கும் இடம் தட்டையாகிவிட்டாலோ மாற்றுங்கள். மெயின்ஷீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போட்டால் தேய்மானம் பரவும். டிராவலர் கயிறு தனிக் கவனம் கேட்கிறது: அது வளையத்தை உரசும் இரண்டு இடங்களையும் ஒவ்வொரு முறை இறங்குமுன் விரலால் தடவிப் பாருங்கள். அது அறுந்தால் பூமைப் பிடிக்க ஆளில்லை.

பெயிலர் ஒழுகுகிறது.

பத்தில் எட்டு முறை காரணம் மணல்தான். திறந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூடி பதியும் இடத்தையும் ரப்பர் வளையத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். வளையம் கெட்டித்துப்போயிருந்தால் மாற்றுங்கள். கரையில் இழுக்கும் முன் பெயிலரை மூடுங்கள், திறந்தபடி மணலில் இழுத்தால் உடைந்துவிடும்.

சுக்கானும் டேகர்போர்டும் வளைந்துவிடுகின்றனவே?

வெயிலில் சுவரில் சாய்த்து வைத்திருப்பீர்கள். உள்ளே நுரை, அதற்குள் கம்பி. சூடேறினால் தன் எடையிலேயே வளையும், ஆறினால் அதே வளைவில் நின்றுவிடும். துணி உறையில், நிழலில், தட்டையாகக் கிடத்துங்கள். பின்விளிம்பில் விழுந்த சிறு பள்ளத்தை எபாக்ஸிப் புட்டியால் நிரப்பித் தேய்க்கலாம். சுக்கான் தலையின் போல்ட் ஆடாமல் இருக்கும்படி முடுக்குங்கள், ஆனால் அலகு கையால் தூக்கினால் தூக்கப்பட வேண்டும்.

ஜெல்கோட்டில் கீறல். நாமே சரிசெய்யலாமா?

நகம் மாட்டாத கீறலென்றால் தண்ணீர் விட்டு 800, 1000, 1200 எண் உரைத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். வெள்ளை நார் தெரியும் அளவுக்கு ஆழமென்றால் தண்ணீர் உள்ளே போகாமல் உடனே டேப் ஒட்டிவிட்டு, அந்த வாரமே நிரப்புங்கள்.

ஓரங்களை வி வடிவில் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் ஜெல்கோட் நிரப்ப வேண்டும். 50 கிராம் ஜெல்கோட்டுக்கு 1 சதவீதம், அதாவது அரை கிராம் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்). ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் துல்லியம். நம் வெயிலில் 2 சதவீதம் போட்டால் தடவி முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். 1க்குக் கீழே குறைத்தால் முழுமையாக இறுகவே இறுகாது. காற்றுப் படும் மேல்தளம் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால் மேலே ஓ.எச்.பி. தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி மூடுங்கள். எபாக்ஸி வைத்த இடத்தின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, அங்கே எபாக்ஸியோடு ஒத்துப்போகும் பெயின்ட்தான் வழி.

இதைக் கட்டாயம் படியுங்கள். நம் ஊர் ஃபைபர் கடைகளில் ரெசின், இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட், கேட்டலிஸ்ட் மூன்றையும் தனித்தனிப் பாட்டிலில் தருவார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே குச்சியோ ஒரே சிரிஞ்சோ கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடியும் கையுறையும் போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

பந்தயத்துக்கு அடிப்பகுதியைத் தேய்த்து வழவழப்பாக்கலாமா?

பாலிஷ் போடலாம். வடிவம் மாறும்படி உரைத்துத் தேய்க்க வகுப்பு விதி இடம் தராது. டெக்கில் சொரசொரப்பான இடத்தில் மெழுகு போட்டுவிடாதீர்கள், கால் வழுக்கும்.

காக்பிட் தரை மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது.

மேல் ஃபைபரும் உள்நுரையும் பிரிந்திருக்கின்றன. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக்’ என்ற தெளிவான ஒலி ‘தொப்’ என்று மங்கும் எல்லையைப் பென்சிலால் வரையுங்கள். உள்ளங்கை அளவென்றால் சிறு துளைகள் போட்டு எபாக்ஸி செலுத்தி, மேலே எடை வைத்து இறுகவிடலாம். அதைவிடப் பெரிது என்றால் படகு கட்டுபவரிடம் காட்டுங்கள்.

வெயிலில் நிறுத்தும்போது பிளக்கை மூடுவதா, திறப்பதா?

திறந்து வையுங்கள். காக்பிட்டின் காற்றுத் துளை அடைத்திருந்தால், மூடிய படகுக்குள் நண்பகலில் காற்று விரிந்து விளிம்புகளைத் தள்ளும், இரவில் சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். ஆனால் திறந்த துளையில் குளவி மண்கூடு கட்டிவிடும். அதனால் ஒரு கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், ஓட்டப் போகுமுன் கழற்றி பிளக் போட மறக்க வேண்டாம்.

படகின் மேல் போர்த்தும் மூடி வெளிர்நிறத் துணியாக இருக்கட்டும். கறுப்புத் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வேகும். தள்ளுவண்டி படகின் எடையைப் பக்க விளிம்புகளில் தாங்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் தாங்கினால் மாதக்கணக்கில் அங்கே பள்ளம் விழும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, குறிப்பாகப் புயல் எச்சரிக்கை வந்தால், பாய், மரங்கள், பூம், சுக்கான், டேகர்போர்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்விடுங்கள். உடலை முடிந்தால் கூரைக்குள் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் புல்லின் மேல் அல்லது பழைய டயர்களின் மேல் கவிழ்த்து, தரையில் ஆழமாக இறக்கிய முளைகளில் அணியத்தையும் பின்பகுதியையும் இரண்டு தனிக் கயிறுகளால் கட்டுங்கள். 59 கிலோ என்பது புயல் காற்றுக்கு ஒரு பொருட்டில்லை. நைலான் கயிறு நனைந்தால் தளரும், பாலியெஸ்டர் பட்டை நல்லது. விளிம்பில் பட்டை உரசும் இடத்தில் பழைய கார்பெட் துண்டு வையுங்கள்.

இரண்டு நாள் தண்ணீரிலேயே கட்டிப் போடலாமா?

வேண்டாம். இந்தப் படகின் அடியில் பாசி தடுக்கும் பெயின்ட் கிடையாது. நம் கடல் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வழுக்கும் படலம் வந்துவிடும், அதன் பின்னாலேயே கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) ஒட்ட ஆரம்பிக்கும். படலத்தை ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்தால் போய்விடும், காய்ந்தால் உழைப்பு. கொட்டலசை இரும்புத் தகட்டால் சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்து, மிஞ்சும் வெள்ளை வட்டத்தை வினிகரில் நனைத்த துணி வைத்து இளக்கித் துடைத்துக் கழுவுங்கள்.